முதல் ஓட்டத்தில் உயர்த்தாத கொடி

ஒரே காலையில், ஒரே சாலையில், ஒரே வண்டி இரண்டு முறை ஓடத் தயாராக நின்றது. இரண்டு முறையும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதல் முறை சிவப்புக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டாம் முறை உயர்த்தினேன். நடுவில் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. அப்படியானால் முதல் முறை உயர்த்தாத கை இரண்டாம் முறை மட்டும் ஏன் மேலே போனது?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் இருந்த மேசைக்கு இப்போது வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுவது பதில் தெரிந்ததால் அல்ல. "புதுப் பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்று முதலாளி கேட்டார். நாலு வார்த்தையில் முடிக்க எனக்கு வராது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் முறையாக எழுதுகிறேன். நம்மைப் போன்ற வேறு பட்டறைக்காரர்கள் கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும்.

துவாக்குடிப் பக்கம் இருக்கும் நம் பட்டறையில் எட்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்தேன். பாய்லர் ஆலைக்குக் குழாய்களையும் தாங்கிகளையும் வெல்டு செய்து அனுப்பும் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, திருவானைக்காவலில் இறங்கி மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டு, மறுபடி பஸ் பிடித்து, சத்திரம் பஸ் நிலையத்தில் இன்னொரு பஸ் மாறி வருவேன். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் மாம்பழச்சாலையில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியவள் நான். ஒரு முறை அல்ல. மூடித்தான் இருக்கும். எல்லா முறையும் மூடித்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதெல்லாம் இதோடு சம்பந்தப்பட்டது.

ஆலை வேலை குறைந்திருந்த ஒரு சமயம், முதலாளி பந்தய வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு கட்டித் தரும் வேலையைப் பிடித்தார். அப்படித்தான் கயல்விழி வந்தாள்.

துறையூரிலிருந்து அந்தப் பழைய பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பின் பெட்டியில் வெங்காயச் சருகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மழையில் வயலுக்குள் புதையாமல் மூட்டைகளை வெளியே கொண்டுவர அவள் அப்பா வாங்கியது. அவர் புது வண்டி வாங்கியதும் பழையதை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"டிராக் ரேஸ்னா தெரியும்லக்கா?" என்றாள். "நேர் ரோடு. நானூறு மீட்டர். யாரு மொதல்ல போய்ச் சேர்றாங்கன்னு பாக்குறது. வளைவு கெடையாது, பேச்சு கெடையாது."

"இந்த வண்டியிலயா?"

"இதுலதான். கார் வச்சிருக்கவன்லாம் சிரிப்பான், சிரிக்கட்டும். கெளம்புறப்போ அவனுக்கு ரெண்டு சக்கரம் வழுக்கும். எனக்கு நாலும் புடிக்கும்."

எடையைக் குறைக்க முன் சக்கர இழுவையைக் கழற்றிவிடலாம் என்று எங்களில் இரண்டு பேர் யோசனை சொன்னோம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதக் கழட்டுனா இது வெறும் வெங்காய வண்டிக்கா" என்றாள். நான்கு சக்கர இழுவை அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

வெல்டிங் வேலை செபஸ்தியான் அண்ணனுடையது. பாய்லர் ஆலைக் குடியிருப்பான கைலாசபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் அவருடைய இணைப்பில் குறை காண முடியாது என்பது நம் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரியும். நானும் அவரும் சேர்ந்து முதலில் செய்த காரியம், ஆலை வேலையில் மீந்த கனத்த குழாயில் அந்தக் கூண்டைக் கட்டியது. அழகாக வந்தது. பட்டறையே கூடி நின்று பார்த்தது. கயல் வந்து சுற்றிப் பார்த்தாள், ஒரு குழாயை விரலால் தட்டினாள்.

"அக்கா, இது ஓடுமா, இல்ல ஆவி விடுமா?"

அண்ணன்தான் முதலில் சிரித்தார். மறுநாள் அவரே அத்தனையையும் அறுத்துப் போட்டுவிட்டு, மெல்லிய, தகுந்த குழாயில் மறுபடி கட்டினார். கை தேர்ந்த வேலையில்தான் நாம் யோசிக்காமல் இறங்கிவிடுகிறோம் என்று அன்றைக்கு என் நோட்டில் எழுதிவைத்தேன். எழுதிவைத்ததோடு சரி. அடுத்த வாரமே அதைவிடப் பெரிய தவறைச் செய்தேன். அதைத் தவறு என்று நினைக்காமல், நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்தேன்.

எஞ்சினைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்ததால், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டி வந்தது. நீளமான இரும்புக் குழாய் அது. ஓட்டுபவரின் இடுப்புக்குப் பக்கத்தில், தரைத் தகட்டுக்கு அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை அறுத்து, புதுக் குழாய் வைத்து, இரண்டு முனைகளிலும் வெல்டு செய்ய வேண்டும்.

நம் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு, முதல் நாளே உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பாய்லர் வேலையில் ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் அதைப் போட்ட வெல்டரின் எண்ணைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பல வருடம் கழித்து ஒரு குழாய் கசிந்தாலும் அது யார் கை என்று தெரிந்துவிடும். அண்ணனின் எண் பதினேழு. எண் இல்லாத இணைப்பு எதையும் நான் கையெழுத்துப் போட்டு வெளியே விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஷாஃப்ட் முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிந்து பார்த்துவிட்டு, "நம்பர் எங்கண்ணே?" என்றேன்.

"இதுக்குமாம்மா நம்பர்?"

"எல்லாத்துக்கும்தாண்ணே."

"இது சுத்துற சாமான்மா. பெயிண்ட்ல எழுதிடவா?"

"பெயிண்ட் அழிஞ்சிடும்ணே. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டுறது?"

"யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

"அது சரி. நீங்க கேப்பீங்க" என்று சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்தார். ஒன்று. ஏழு. முனைக்கு இரண்டு அடி.

'சுத்துற சாமான்' என்று அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. அது ஓர் எச்சரிக்கை என்றுதான் உறைக்கவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் ஒரு நாளும் வேலையைத் தட்டிக்கழிக்காத மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "அது அவ்வளவு தெளிவா எனக்கே தெரியாதும்மா, கையிலதான் ஏதோ தட்டுப்பட்டுச்சு" என்று பிறகு சொன்னார்.

சோதனை ஓட்டத்துக்கு, மூடிக் கிடந்த ஓர் ஆலையின் உள்சாலையை அனுமதி கேட்டு வாங்கியிருந்தோம். ஒரு பக்கம் நீளமான மதில், மறு பக்கம் கருவேலம் புதர், நடுவில் நூல் பிடித்தது போல் நேரான சாலை. ஆம்புலன்ஸும் வந்து நிற்கும். புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் சரிபார்ப்புத் தாளும் சிவப்புக் கொடியுமாக நான் நிற்பேன். நான் கொடியை உயர்த்தினால் வண்டி கிளம்பக் கூடாது. காரணம் அப்புறம் கேட்கலாம். அந்த விதியை எழுதியது நான்தான்.

முதல் நாளே அதைப் பயன்படுத்தினேன்.

கயல் மெதுவாக வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்கோ 'கலகல' என்று ஒரு சத்தம் வந்து நின்றது. மறுபடி வந்தது. கொடியை உயர்த்தினேன். எஞ்சினை நிறுத்தினார்கள். அண்ணன் வண்டிக்கு அடியில் போனார். கியர் பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பட்டை ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்கள். வெயில் ஏறி எல்லோரும் வியர்த்துப்போன பிறகு, கயல் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ வெளியே எடுத்தாள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கிலுகிலுப்பை.

என் மகளுடையது. முந்தைய நாள் அளவெடுக்கும்போது என் பையை வண்டிக்குள் வைத்திருந்தேன்.

எல்லோரும் சிரித்து ஓய்வதற்கு நேரமானது. "மேடம், இந்த ஸ்பேர் பார்ட் லிஸ்ட்ல இல்லையே!" என்றார் ஒருவர். "இதுக்கு என்ன நம்பர் அடிக்கிறது?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். முதலாளி நல்ல மனிதர், என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார்: "வீட்டுக் கவலைய வீட்டுலயே வச்சிட்டு வாங்கம்மா. நீங்க பயந்தா எல்லாருக்கும் பயமாயிடுது."

சரி சார் என்றேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, இனிமேல் காரணம் சொல்ல முடிந்தால் மட்டுமே கொடியைத் தூக்குவது என்று தீர்மானித்துக்கொண்டேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமான தீர்மானம், பாருங்கள்!

அதற்குப் பிறகு மூன்று நாள் சோதனை. ஒவ்வொரு நாளும் பல முறை கிளம்பி ஓடியது. குறை எதுவும் இல்லை. தாளில் எல்லாக் கட்டங்களிலும் 'சரி' என்று டிக் போட்டேன். என் கை கொடியைப் பிடித்திருப்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது. பிறகு அந்தக் காலை வந்தது.

மகளுக்குச் சளி. காப்பகத்தில் விடும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிய்த்துக்கொண்டு வந்தேன். அவள் அழுத சத்தம் காதிலேயே இருந்தது.

ஓட்டத்துக்கு முன்னால் சக்கரங்கள் சூடாக வண்டியை நடுத்தர வேகத்தில் ஒரு முறை அந்தக் கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்புவது கயலின் வழக்கம். அப்போது காலை வெயில் பக்கக் கண்ணாடியில் பட்டு, மதில்மேல் ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சமாக வண்டியோடு ஓடிவரும். மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வெளிச்சத்தின் ஓரம் நடுங்கியது.

சுவரின் பூச்சு மேடுபள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியின் திருகாணி தளர்ந்திருக்கும். எனக்குத் தூக்கம் போதவில்லை. குழந்தை அழுததால் எனக்கு எல்லாமே நடுங்குகிறது. அடுக்கடுக்காகக் காரணங்கள் வந்தன. எல்லாம் கொடியைத் தூக்காமல் இருப்பதற்கான காரணங்கள். தூக்குவதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கயல் கோட்டுக்கு வந்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. கிளம்பிவிட்டாள்.

அதுவரை ஓடியதில் அதுதான் மிக வேகமான ஓட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வெளிச்சம் மறுபடி சுவரில் ஓடிவந்தது. அதே நடுக்கம். முன்பைவிட அதிகமாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அதிகம் இல்லை. அதே அளவுதான். கயல் கோட்டில் நின்று, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தாள். என் கை மேலே போயிருந்தது.

எஞ்சின் நின்றது. சில பேர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். முதலாளி நடந்து வந்தார்.

"என்னம்மா, என்ன பாத்தீங்க?"

"சுவத்துல வெளிச்சம் ஆடுது சார்."

"எந்தச் சுவத்துல?"

காட்டினேன். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

"வண்டியில என்ன பிரச்சினை? அத சொல்லுங்க."

"தெரியல சார்."

"தெரியாம எப்படிம்மா? லிஸ்ட்ல எல்லாம் சரின்னு நீங்கதான டிக் போட்டிருக்கீங்க?"

"ஆமா சார். எல்லாம் சரிதான். எனக்குப் பயமா இருக்கு."

பின்னால் யாரோ, "பாப்பாவோட பந்து ஏதாவது உள்ள இருக்கான்னு பாருங்கப்பா" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அந்த நேரம் செபஸ்தியான் அண்ணன் ஒரு சாக்கை உதறித் தரையில் விரித்தார். "விதின்னா விதிதான் சார். கொடி ஏறிடுச்சுல்ல, பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நகர்ந்தார். பிறகு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"சாய டப்பாவ எடுங்கம்மா."

விரிசல் பார்க்கும் சாயச் சோதனை உங்களுக்குத் தெரியும். இரும்பைத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, மறுபடி துடைத்து, வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் மட்டும் வெளியே கசிந்து கோடாகத் தெரியும். நானும் சேலையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்தேன். ஸ்ரீரங்கத்துக்காரிக்கு, நாமத்தில் வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோடு தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்கு மட்டும் அது தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தெரிந்தது. ஷாஃப்டின் முன் முனையில், குழாயைச் சுற்றி ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய சிவப்புக் கோடு. அது தொடங்கிய இடம் ஏழு என்ற எண்ணின் கால்.

அண்ணன் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"என் நம்பரும்மா."

"உங்க வெல்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. பாருங்க, அது அப்படியே இருக்கு."

"வெல்டு நிக்குதும்மா. நம்பர்தான் கிழிச்சிருக்கு."

"அடிக்கச் சொன்னது நான்தாண்ணே."

"சுத்தி என் கையிலதான இருந்துச்சு" என்றார்.

ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் கிழிப்பதற்கென்று ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வெட்டு இல்லையென்றால் பல்லால் கடித்து இழுத்தாலும் கிழியாது. பஞ்ச் அடித்த எண் அப்படி ஒரு வெட்டு. அசையாமல் நிற்கும் தடித்த பாய்லர் குழாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முறுக்கி இழுக்கப்படும் மெல்லிய குழாய்க்கு அது கிழியும் இடம். கிழிந்த குழாய் சுற்றும்போது ஆடும்; அந்த ஆட்டம்தான் பக்கக் கண்ணாடி வழியாகச் சுவரில் தெரிந்திருக்கிறது. கல்லூரியில் இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பட்டறையில் எண் என்பது எனக்கு ஒரு கடமை. கடமை ஒன்று இரும்பைக் கிழிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷாஃப்ட் உடைந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் போட்டிருந்தோம். அது பிடித்திருக்கலாம். பிடிப்பதற்குள் உடைந்த முனை தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்திருக்கலாம். அந்தத் தகட்டுக்கு மேலேதான் கயல் உட்கார்ந்திருந்தாள்.

கயல் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "அக்கா, டீ சாப்பிடுவோமா?" என்றாள்.

தஞ்சாவூர் ரோட்டு டீக்கடைக்கு அவளும் அண்ணனும் நானும் போனோம். கயல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கயல், மொத ரன்னுக்கு முன்னாடியே நான் அதப் பாத்தேன்."

"எத?"

"அந்த வெளிச்சம் ஆடுனத. பாத்துட்டும் கொடியத் தூக்கல."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் தெரிஞ்சுதுக்கா. சீட்டுல ஒரு குறுகுறுப்பு. நேத்து இல்லையேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் கெளம்புன?"

"ஒங்களப் பாத்தேனே. நீங்க சும்மா நின்னீங்க." கிளாஸைக் கீழே வைத்தாள். "கிலுகிலுப்பைக்கே நிறுத்துன ஆளு நீங்க. நீங்களே பேசாம நிக்கிறீங்கன்னா வண்டி பத்திரமாத்தான் இருக்கும்னு கெளம்பிட்டேன்."

அண்ணன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "நானும் அப்படித்தான்" என்றார். "பஞ்ச் அடிக்கிறப்பவே மனசு ஒப்பல. அம்மா படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

கடைக்காரர் இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அந்தக் கிலுகிலுப்பையும் சும்மா இல்லக்கா" என்று கயல்தான் மறுபடி பேசினாள். "ஓடுறப்போ பிரேக்குக்கு அடியில உருண்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்."

அன்று மாலை காப்பகத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். மகள் தன் வயதுக் குழந்தைகளோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகூட வரவில்லை. காலை முழுவதும் என் காதில் கேட்ட அந்த அழுகை, நான் தெருவைத் தாண்டுவதற்குள் நின்றிருக்கும் போல. அந்த விஷயத்தில் என் பயம் வெறும் பயம். சுவர் விஷயத்தில் அப்படி இல்லை. ஒரே நாள், ஒரே மாதிரி பயம். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு உள்ளே எங்கேயும் தெரியவில்லை.

புது ஷாஃப்ட் செய்தோம். அண்ணன் அதில் வெள்ளைப் பெயிண்டால் பதினேழு என்று எழுதினார், பள்ளிப் பிள்ளை நோட்டில் எழுதுவது போல் அவ்வளவு கவனமாக. சுற்றும் பாகம் எதிலும் பஞ்ச் வைக்கக் கூடாது என்று தாளில் புது வரி சேர்த்தேன். கயல் பந்தயத்துக்குப் போனாள். முதல் சுற்றில் ஒரு காரை முந்தினாள், இரண்டாம் சுற்றில் தோற்றாள். "கெளம்புறப்போ நாலும் புடிச்சுதுக்கா!" என்று போனில் கத்தினாள். பின்னால் அவள் அப்பா யாரிடமோ அது தன்னுடைய வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

சில மாதம் கழித்துக் காப்பகத்தை மூடிவிட்டார்கள். வேறு இடம் சரியாக அமையவில்லை. வேலையை விட்டேன். அந்தக் காலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சில நாள் எனக்கே அது நம்பும்படியாக இருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள் பேசாமல் நின்றால், அவளுடைய மௌனத்தை மற்றவர்கள் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். அவளோ சிரிப்புக்குப் பயந்து பேசாமல் நிற்கிறாள். அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்கு வண்டி உடையும் என்ற பயமும் இருந்தது, சிரிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. முதல் ஓட்டத்தில் எந்தப் பயம் ஜெயித்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் ஓட்டத்தில் அது ஏன் தோற்றது என்பதுதான் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதை ஒரு வழிமுறையாக எழுதி உங்களிடம் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்து பார்த்தேன். சரிபார்ப்புத் தாளைத் திருத்தித் தரும்படி சென்ற வாரம் முதலாளி கேட்டார். 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு கட்டங்கள்தானே இருந்தன. மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: 'காரணம் தெரியவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது.' ஓட்டுபவர், வெல்டர், தாளைப் பார்ப்பவர் என மூன்று பேரும் ஒருவர் டிக் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக நிரப்ப வேண்டும். முதலாளி நிதானமாகப் படித்தார். "நல்லாருக்கும்மா. இந்தக் கட்டத்துல ஒருத்தர் டிக் அடிச்சா என்ன செய்யணும்? அதையும் எழுதிக் குடுங்க" என்றார்.

ஒரு வாரமாக அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. வண்டியை நிறுத்த வேண்டும் என்று எழுதினால், என்னைப் போன்ற ஒருத்தி தினமும் டிக் போடுவாள், பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகாது. ஒரு மாதத்தில் அந்தக் கட்டத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். நிறுத்த வேண்டாம் என்று எழுதினால், கட்டம் எதற்கு? மூன்றில் இரண்டு பேர் போட்டால் நிறுத்தலாமா? அன்றைக்கு என் கையில் கொடி ஏறியபோது நான் ஒருத்திதான்.

நீங்கள் இளையவர்கள். என் அளவுக்குக் குழம்பிப் போகாதவர்களாக இருப்பீர்கள். தாள் உங்கள் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. அந்தக் கடைசி வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைப் பென்சிலால் எழுதிவையுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களும் உங்கள் பட்டறையில் இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் வேண்டும். எஞ்சினை இன்னும் பலமாக்கிக்கொண்டு கயல் அடுத்த மாதம் மறுபடி சோதனைக்கு வருகிறாள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அங்கே இந்த முறை நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள்.